12-க்குத் திரும்பாத முள்

பேட்டரி மாற்றியபின், என் குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) குரோனோகிராஃப் (நிறுத்துக்கடிகார வசதியுள்ள) கைக்கடிகாரத்தின் நடுவிலுள்ள நீண்ட முள், கீழ்ப் பொத்தானை அழுத்தினாலும் 12-க்குத் திரும்பாமல் மூன்று வினாடி தள்ளியே நின்றது. அந்த முள் இடைப்பட்ட நேரத்தை அளப்பதற்கு மட்டும் உரியது. வழக்கமான வினாடியைக் காட்டும் சிறுவட்ட முள் ஒழுங்காகவே ஓடியது.

பொத்தானைப் பலமுறை அழுத்திப் பார்த்தேன்; பேட்டரியைக் கழற்றி மீண்டும் மாட்டினேன். முள்ளையே பிடுங்கிப் பொருத்த வேண்டும் என்று பழுதுபார்ப்பவர் சொன்னதை நம்பி இரண்டு நாள் வீணாயிற்று. ஒவ்வொரு முறையும் பிழை அதே மூன்று வினாடியாக இருந்ததுதான் துப்பு. இயந்திரக் குரோனோகிராஃபில் இதய வடிவத் தகடு ஒன்றைச் சிறு சுத்தி அடித்து முள்ளை பூஜ்யத்துக்குத் தள்ளும். என்னுடையது போன்ற குவார்ட்ஸ் வகையிலோ, மின்சுற்று மோட்டாரின் அடிகளை (சிறு நகர்வுகளை) எண்ணியே திரும்புவதால், மின்சாரம் அறுந்தபோது முள் நின்ற இடத்தையே பூஜ்யமாகக் கொண்டுவிடுகிறது.

அளவீட்டை நிறுத்தி, பக்கவாட்டிலுள்ள திருகை (நேரம் திருத்தும் குமிழை) முதல் நிலைக்கு இழுத்து மேல் பொத்தானை அழுத்தியபோது எதுவும் நடக்கவில்லை, ஏனெனில் அது தேதிக்குரிய நிலை. கடைசி நிலைவரை இழுத்தபின்பே முள் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஓர் அடியாக, அதாவது ஒரு வினாடியளவு, நகர்ந்தது. பின்னோக்கி வராது என்பதால் 57 அடிகள் முன்னோக்கிச் செலுத்தினேன். பொத்தானைப் பிடித்தபடி இருந்தால் விரைவாக ஓடுகிறது. திருகு வெளியே இருந்தவரை கடிகாரம் நின்றிருந்ததால், உள்ளே தள்ளுமுன் நேரத்தையும் திருத்தினேன்.