லேப்டாப் மோடமும் வராத மெயிலும்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

மோடம் போன் லைனில் எண்ணை டயல் செய்து இணையத்தைப் பிடித்த டயல்-அப், விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சங்கதி இது. வெளியூர் போன இடத்தில் மெயில் இறங்கவில்லை என்றதும் புதியவர்கள் பலரும் முதலில் கை வைப்பது மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான். நீக்கிவிட்டு மறுபடி போடுகிறார்கள். நேற்று வரை வீட்டில் ஓடிய டிரைவர் பயணத்தில் கெட்டுப்போகாது. மாறியது லைன் மட்டும்தான். டிரைவர் சிடியும் கையில் இல்லையென்றால் அதோடு மெயிலுக்கு முழுக்கு. கேபிளைச் செருக மறந்தது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

680 என்ற பிழை எண் வந்ததும் வேறு சாக்கெட் தேடுவது

680 என்றால் டயல் டோன் (போனை எடுத்ததும் கேட்கும் ஒலி) இல்லை என்று மோடம் நினைக்கிறது, அவ்வளவே. ஓட்டல்களிலும் அலுவலகங்களிலும் லைன் பெரும்பாலும் பிபிஎக்ஸ், அதாவது கட்டடத்துக்குள் இருக்கும் சொந்த எக்ஸ்சேஞ்ச், வழியாக வரும். அதன் டோன் வெளி லைன் டோனைப் போல இருக்காது. நம் காதுக்குக் கேட்கும், மோடத்துக்குப் புரியாது. வாய்ஸ்மெயில் காத்திருந்தால் விட்டுவிட்டு ஒலிக்கும் டோனும் இதே வம்பைச் செய்யும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனல், போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ், மோடம்ஸ், பிராப்பர்ட்டீஸ் என்று போய், டயல் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அட்வான்ஸ்டு பகுதியில் கூடுதல் கட்டளையாக ஏடிஎக்ஸ்3 (ATX3) கொடுங்கள். டோனைப் பார்க்காமல் டயல் செய்யும், பிஸி டோனை மட்டும் கவனிக்கும். வெளி லைனுக்கு 9 அழுத்த வேண்டுமென்றால் 9-க்குப் பின் ஒரு கமா போடுங்கள். ஒரு கமாவுக்கு வழக்கமாக 2 விநாடி இடைவெளி. வெளி லைன் தாமதமாகக் கிடைத்தால் இரண்டு கமா.

இதைச் செய்யாமல், மேசைப் போனின் வயரைப் பிடுங்கி அந்தச் சாக்கெட்டில் மோடத்தைச் செருகுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அது டிஜிட்டல் போனாக இருந்தால் மோடம் காலி. சாக்கெட் என்னவோ வழக்கமான போன் பிளக்குக்கான அதே ஆர்ஜே-11 வடிவம்தான். பொருந்துகிறது என்பதற்காக லைனும் ஒன்றாகிவிடாது. வீட்டில் இருப்பது போன்ற சாதாரண அனலாக் லைனில் போனை எடுத்ததும் ஓடுவது சில பத்து மில்லியாம்பியர். மோடம் அதற்காகச் செய்யப்பட்டது. டிஜிட்டல் பிபிஎக்ஸ் லைனில் மின்னோட்டம் அதைவிட மிக அதிகமாக இருக்கலாம். மோடம் லைனை எடுத்த சற்று நேரத்தில் அதன் லைன் பக்கச் சுற்று கருகிவிடும்.

புகையாவது வந்தால் தெரிந்துவிடும், பெரும்பாலும் அதுவும் வராது. கணினிப் பக்கச் சிப் உயிரோடு இருப்பதால் விண்டோஸின் மோடம் சோதனையான டயக்னாஸ்டிக்ஸில் கேட்டால் மோடம் ஓகே என்றே பதில் சொல்லும். 'மோடம் நல்லாத்தான் இருக்கு, இந்த லைன்தான் சரியில்லை' என்று அடுத்த அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வீடு திரும்பி, சொந்த லைனிலும் 680 வரும்போதுதான் உறைக்கும். மோடம் தனிச் சிறு கார்டாக இருந்தால் மாற்றலாம். போர்டிலேயே பதித்திருந்தால் யூஎஸ்பி மோடம் வாங்குவதுதான் வழி.

'இந்த லைன்ல போன் பேச முடியுதே' என்பது எதையும் நிரூபிக்காது. வரவேற்பில் பேக்ஸ் மிஷின் எந்த லைனில் இருக்கிறது என்று கேளுங்கள், அது பெரும்பாலும் அனலாக்தான். மேசைப் போனின் பக்கவாட்டில் டேட்டா என்று எழுதிய துளை இருந்தால் அதில் செருகலாம். திரையும் வரிசையாக லைன் பொத்தான்களும் உள்ள போன் என்றால் அதன் சாக்கெட் பக்கமே போகாதீர்கள். அடிக்கடி பயணம் போகிறவர் பையில், லைன் அனலாக்கா டிஜிட்டலா என்று காட்டும் ஒரு லைன் டெஸ்டர் இருக்கட்டும்.

678

மறுமுனை எடுக்கவில்லை. அதே எண்ணை அறைப் போனில் அடித்துப் பாருங்கள். மறுமுனை மோடத்தின் கீச்சொலி கேட்டால் எண் சரி. எண்ணுக்கு முன் எதைச் சேர்க்க வேண்டும் என்று கணினியில் சொல்லிவைக்கும் டயலிங் ரூல்ஸில் ஏரியா கோடு தேவையில்லாமல் சேர்ந்திருக்கும், அல்லது 9 விடுபட்டிருக்கும்.

691

மோடத்தைத் தொடாதீர்கள். யூசர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு.

வேகம் குறைவு என்று செட்டிங்கை நோண்டுவது

பிபிஎக்ஸ் வழியாகப் போனால் 56 கே (விநாடிக்கு 56 கிலோபிட்) மோடமும் பெரும்பாலும் 33.6-க்கு மேல் ஏறாது. பழுதல்ல.

லைன் கிடைத்த பின் சென்ட்/ரிசீவை விடாமல் அழுத்துவது

இணைப்பு வந்துவிட்டால் மோடத்தின் வேலை முடிந்தது, இனி மெயில் சர்வரோடுதான் பேச்சு. சர்வரிலிருந்து மெயிலை இறக்கும் முறையான பாப்3-இல் ஒரு குணம் உண்டு: மெயில் புரோகிராம் முறையாக விடைபெற்றால்தான் சர்வர் இறங்கிய மெயில்களை அழிக்கும். பாதியில் லைன் அறுந்தால் எதுவும் அழியாது, இறங்கிய மெயிலே மறுபடி இறங்கலாம். போதாக்குறைக்கு, அறுந்த இணைப்பு உயிரோடு இருப்பதாக எண்ணி சர்வர் மெயில் பெட்டியைப் பூட்டியே வைத்திருக்கும். அப்போது உடனே முயன்றால் பாஸ்வேர்ட் தவறு என்பது போலக்கூட செய்தி வரும். பாஸ்வேர்டை மாற்றப் போகாமல் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டு முயலுங்கள்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே ஒரு மெயிலோடு பெரிய அட்டாச்மென்ட் கோப்பு உட்கார்ந்திருக்கிறது. 5 எம்பி கோப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், 33.6 வேகத்தில் இறங்க ஏறக்குறைய அரை மணி. எக்ஸ்பியோடு வந்த மெயில் புரோகிராமான அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மெசேஜ் ரூல்ஸ் போய், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மெயிலைச் சர்வரிலிருந்து இறக்காதே என்று ஒரு விதி போட்டால், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சின்ன மெயில்கள் வந்துவிடும்.