கடற்கோட்டைப் போர் ஓவியத்தைப் பார்க்கும் முறை

கோட்டையைக் காத்து நிற்கும் வீரர்களைக் காட்டும் பெரிய ஓவியத்தின் முன் நின்றவுடன், நம் கண் நேராகத் தளபதியின் முகத்துக்கே போகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதலில் கடலைப் பாருங்கள். போர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கப்பல்களும் புகையும் சொல்லிவிடும்.

லண்டன் கில்ட்ஹால் கலைக்கூடத்தில் உள்ள ஜான் சிங்கிள்டன் காப்லியின் ஜிப்ரால்டர் ஓவியம் இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் ஆங்கிலேயர் வசமிருந்த ஜிப்ரால்டர் கோட்டையை ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து முற்றுகையிட்டிருந்தபோது, 1782 செப்டம்பர் 13 அன்று, தடித்த மரச்சுவர் கொண்ட 10 மிதக்கும் பீரங்கி மேடைகள் கோட்டையைத் தாக்கின. காவற்படையினர் உலையில் செந்நிறமாகக் காய்ச்சிய இரும்புக் குண்டுகளை அவற்றின்மேல் ஏவினர். காய்ச்சிய குண்டு வெடிமருந்தைத் தொட்டால் பீரங்கி உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துவிடும் என்பதால், இரண்டுக்கும் நடுவே ஈரமான அடைப்பை வைத்துத் திணிக்க வேண்டும். இந்த வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், ஓவியத்தில் எரியும் மேடைகள் யாருடைய உழைப்பால் எரிகின்றன என்பது விளங்கும்.

அடுத்ததாக, யார் பெரிதாக வரையப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வலப்புறம் குதிரைமீது அமர்ந்து கையை நீட்டும் தளபதி ஜார்ஜ் எலியட்டும் அவரைச் சூழ்ந்த அதிகாரிகளுமே இடத்தை நிறைக்கிறார்கள். உலையருகே வியர்த்தவர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் காரணத்தைத் தேடினால் ஓவியம் உருவான விதம் தெரியும்: லண்டன் மாநகராட்சிக்காக வரையப்பட்ட இதில், அதிகாரிகளின் முகங்கள் ஒவ்வொன்றும் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காகக் காப்லி 1787-இல் ஜெர்மனியின் ஹனோவர் வரை சென்று, ஜிப்ரால்டர் காவற்படையில் இருந்த ஜெர்மானிய அதிகாரிகளை நேரில் பார்த்து வரைந்தார். ஓவியம் முடிந்தது 1791-இல். ஆகவே நிகழ்ச்சியின் ஆண்டையும் ஓவியத்தின் ஆண்டையும் எப்போதும் அருகருகே குறித்துக்கொள்ளுங்கள். இடையில் போன ஆண்டுகளில் யார் பணம் தந்தார்கள், யார் வந்து அமர்ந்து தங்களை வரையக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இனி, நீட்டிய அந்தக் கை எதைக் காட்டுகிறது என்று பின்தொடருங்கள். அது வெற்றிக் கொடியைக் காட்டவில்லை. எரியும் மேடைகளிலிருந்து கடலில் விழுந்த எதிரி மாலுமிகளை, கடற்படை அதிகாரி ரோஜர் கர்டிஸ் தலைமையிலான ஆங்கிலப் படகுகள் மீட்கும் காட்சியைக் காட்டுகிறது. பீரங்கித் தாக்குதலுக்கும் இந்த மீட்புக்கும் நடுவே பல மணிநேரம் கழிந்திருந்தது; ஓவியரோ இரண்டையும் ஒரே கணத்தில் சேர்த்துவிட்டார்.

கடைசியாக, ஓவியத்தின் அளவை உணருங்கள். உயரம் 5 மீட்டருக்கு மேல், அகலம் 7 மீட்டருக்கு மேல். திரையிலோ அச்சிலோ பார்ப்பவர்கள் இடப்புறக் கீழ்ப்பகுதியைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: நீரில் தத்தளிப்பவர்களின் உடல்கள் அங்கேதான் இருக்கின்றன, அதிகாரிகளின் முகங்களுக்குச் செலவிட்ட அதே கவனத்தோடு.