சம்பளம் கைக்கு வந்த அன்றே

மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம் என்று வைத்தால் மிஞ்சவே மிஞ்சாது. வாரத்தின் முதல்நாளில், வரவுக்குத் தக்கபடி அவரவர் தனியே சேர்த்து வைக்கச் சொன்னார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). சம்பளக்காரருக்கு அது சம்பள நாள்.

வரவு 100 என்றால் அன்றே 10 காணிக்கைக்கு, 10 சேமிப்புக்கு, 80 வீட்டுக்கு எனப் பிரித்துவிடுங்கள். காணிக்கைப் பணத்துக்குத் தனிக் கவர் போதும். பர்ஸில் கலந்துவிட்டால் நடு மாதத்தில் அது செலவாகிவிடும். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா? நேரடியான வசனம் கிடையாது. ஏதாவது ஒன்றை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். வியாபாரிகள் கல்லாவில் விழுந்ததைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். சரக்கு, வாடகை, கூலி போக நிற்கும் லாபம்தான் வரவு.

கடன் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். யாருக்கு, அசல் மீதி, வட்டி, தவணைத் தேதி என்று ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள், கைமாற்று உட்பட. மாதம் 3 வட்டி என்பது சின்னதாகத்தான் தெரியும். வருடத்துக்கு 36, கட்டாமல் விட்டு வட்டி அசலோடு சேர்ந்தால் ஏறக்குறைய 42.6. ஒரு மாதச் செலவுக்கான தொகை சேர்ந்ததும், சேமிப்புப் பங்கையும் கடனுக்கே திருப்புங்கள். அந்தக் கையிருப்பு இல்லாவிட்டால் ஒரு காய்ச்சலுக்கே புதுக் கடன் வரும். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை, கூடுதல் முழுவதும் வட்டி அதிகமான கடனுக்கு. அது தீர்ந்ததும் அதே தவணைத் தொகை அடுத்த கடனுக்குப் போக வேண்டும். ‘அப்பாடா’ என்று பலர் வழுக்குவது இங்கேதான். கடன்பட்ட விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி சொன்னதிலும் கடனுக்கே முதலிடம்: எண்ணெயை விற்று முதலில் கடன், மீந்ததில் பிழைப்பு (2 இராஜாக்கள் 4:7).

கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது.

இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் போடுவது தனி ஆபத்து. சபையில் கூட இருப்பவர் கேட்கும்போது மறுப்பது சங்கடம்தான். ஆனால் முழுத் தொகையையும் நீங்களே கட்ட முடியாது என்றால் கையெழுத்து வேண்டாம். முடிந்த சிறு தொகையைத் திரும்ப எதிர்பாராமல் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே போட்டிருந்தால், தூங்குமுன் போய் அவரை வருந்திக் கேட்டு விடுபடப் பாருங்கள் என்கிறது நீதிமொழிகள் 6:1-5. போகும்போது, இதுவரை எத்தனை தவணை கட்டியிருக்கிறார், எவ்வளவு பாக்கி என்பதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.