துருப்பிடித்த கெய்சனைக் கழற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடலில் நிற்கும் எண்ணெய், எரிவாயுத் தளங்களின் டெக்கிலிருந்து, அதாவது மேல்தட்டிலிருந்து, நேராகக் கடலுக்குள் இறங்கும் தடித்த எஃகுக் குழாய்தான் கெய்சன். தீயணைப்புப் பம்பும் கடல்நீர் எடுக்கும் பம்பும் இதற்குள்தான் தொங்கும். மழைநீர், எண்ணெய் கலந்த வடிகால் நீர், கழிவுநீர் எல்லாம் வெளியேறவும் தனியாகக் கெய்சன்கள் உண்டு. பொதுவாக முழு எடையும் மேலே டெக்கில்தான் தொங்குகிறது. கீழே ஜாக்கெட்டில் (தளத்தைக் கடலடியிலிருந்து தாங்கி நிற்கும் எஃகுச் சட்டகம்) இருக்கும் கைடுகள் குழாய் பக்கவாட்டில் ஆடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எடையைத் தாங்காது.

இதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ‘தளத்தைத் தாங்குகிற பாகம் இல்லையே’ என்று கெய்சனைப் பராமரிப்புப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது தளத்தைத் தாங்கவில்லை, சரி. அறுந்து விழுந்தால் எதன்மேல் விழும்? கடலடியில் கிடக்கும் குழாய்ப் பாதைகள்மேல், ஜாக்கெட்டின் குறுக்குச் சட்டங்கள்மேல். அந்தக் குழாய்ப் பாதையில் எரிவாயு ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, அளவெடுப்பதில் வரும் தவறு. அல்ட்ராசோனிக் கருவியால் வெளியே எட்டிய நாலு இடங்களில் தடிமன் பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை’ என்று எழுதிவிடுவது. கெய்சன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. உள்ளே நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில் எஃகு நனைவதும் காய்வதுமாக இருக்கும். அங்கேதான் அரிப்பு வேகம். வெளியே ஜாக்கெட்டில் இருக்கும் அனோடுகளின் (தான் அரிந்து எஃகைக் காக்கும் உலோகக் கட்டிகள்) பாதுகாப்பு குழாயின் உட்புறத்துக்கு எட்டுவதில்லை. பம்பு துருப்பிடிக்காத எஃகாலோ வெண்கலத்தாலோ ஆனதாக இருந்தால், அதற்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண எஃகுதான் பலியாகும். வடிகால் கெய்சனில் பாக்டீரியா அரிப்பும் சேர்ந்துகொள்ளும். வெல்டிங் தையலை ஒட்டிய கோட்டில் மட்டும் உலோகம் பள்ளமாகக் கரைந்திருப்பதும் உண்டு. கருவியை ஒரு விரல்கடை தள்ளி வைத்தால் அது தெரியவே தெரியாது. அதனால் புள்ளி அளவுகளின் சராசரியை நம்பக்கூடாது. பரப்பு முழுவதையும் மின்காந்தத்தால் தடவிப் பார்க்கும் எடி கரன்ட் சோதனை, சந்தேகமான இடத்தில் நெருக்கமான கட்டம் போட்டு அல்ட்ராசோனிக் அளவு, பம்பை எடுத்தபின் உள்ளே கேமரா என மூன்றும் வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பாதுகாப்புக்கு என்று மேலே, நல்ல எஃகு இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு கிளாம்பை மாட்டி, டெக்கோடு சங்கிலி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பார்த்தால் உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் அரித்த பட்டை அந்தக் கிளாம்புக்குக் கீழே இருக்கிறதே! அங்கே அறுந்தால் கிளாம்பு பிடித்திருக்கும் மேல்துண்டு மட்டும் பத்திரமாக நிற்கும். மீதி முழுவதும் கடலுக்குள் போய்விடும். பிடிமானம் எப்போதும் பலவீனமான இடத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அலையடிக்கும் பகுதிக்கும் கீழே, தண்ணீருக்குள், சுவர் தடிமனாக இருப்பது உறுதியான இடத்தில் வெளிக்கிளாம்பு மாட்டி, அங்கிருந்து கம்பிக்கயிறுகளை டெக்குக்கு ஏற்றிக் கட்டுவது ஒரு வழி. குழாய்க்குள் இறங்கிக் கீழே விரிந்து பிடிக்கும் கருவி இன்னொரு வழி. ஆனால் அதற்குப் பம்பு வெளியே வந்திருக்க வேண்டும். பம்பை இழுக்கும்போது அது துருக்கட்டியில் சிக்கினால், கிரேனின் இழுப்பு முழுவதும் கெய்சனுக்கே போகும். அதனால் முதலில் வெளியிலிருந்து பிடி, அப்புறம்தான் பம்பு. அந்த இழுப்புக்கும் ஒரு வரம்பு முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். கிளாம்பை அளவுக்குமீறி முறுக்கினால் மெலிந்த சுவர் நசுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எடைக் கணக்கு எங்கே தவறுகிறது? 762 மி.மீ. விட்டமும் 19 மி.மீ. சுவரும் உள்ள குழாய், மீட்டருக்குச் சுமார் 350 கிலோ. பழைய வரைபடத்தைப் பார்த்து இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். அடிப்பகுதி மண்ணாலோ சிப்பியாலோ அடைபட்டிருந்தால், தூக்கும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் கடல்நீர் மட்டும் மீட்டருக்கு 420 கிலோ! எஃகைவிடத் தண்ணீரே அதிகம். வெளியே 75 மி.மீ. தடிமனுக்குச் சிப்பியும் பாசியும் மூடியிருந்தால், காற்றுக்கு வந்ததும் மீட்டருக்கு மேலும் 250 கிலோ அளவுக்குக் கூடும். கடலுக்குள் இருக்கும்வரை மிதப்பு கொஞ்சம் தாங்கும். நீர்மட்டத்தைத் தாண்டத் தாண்ட கொக்கியில் பாரம் ஏறும். நீர் வடிய முன்பே துளை போடுங்கள், சிப்பியைச் சுரண்டி எடுங்கள்.

வடிகால் கெய்சனில் நெருப்பு கூடவே கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி தேங்கியிருக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கலாம். ‘நல்லா கழுவியாச்சு’ என்ற வாய்வார்த்தையை நம்பித் தூக்குவளையம் வெல்டிங் செய்யவோ, காஸ் கட்டிங் செய்யவோ போகாதீர்கள். மெலிந்த சுவரில் வைத்த வெல்டிங் எப்படியும் நம்பத்தக்கதல்ல. வைரக்கம்பி ரம்பம், மணல் கலந்த உயரழுத்த நீர் போன்ற குளிர்வெட்டு முறைகள்தான் சரி.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது கடைசிச் சில சென்டிமீட்டர்கள். மேலே சரியாகத் தாங்காத குழாய் வெட்டின்மேல் அமர்ந்து ரம்பக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும். மாறாக, கிரேன் அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தால், அறுபட்ட நொடியில் துண்டு மேலே துள்ளும். மேலிருந்து துண்டு துண்டாக எடுக்கும்போது, மேல்துண்டு பிரிவதற்கு முன்பே கீழ்ப்பகுதியின் எடை வேறொரு பிடிக்கு மாறியிருக்க வேண்டும். குறுக்கே துளையிட்டு எஃகுத் தண்டு செருகித் தாங்க வைப்பவர்கள், துளை விழும் இடத்தில் எவ்வளவு எஃகு மீதி இருக்கிறது என்று அன்றைக்கே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அரித்த சுவரைத் தண்டு கிழித்துக்கொண்டு போய்விடும். கைடுகளை அவசரப்பட்டு விடுவிக்கவும் கூடாது. பக்கப்பிடி போன குழாயை அலை ஆட்ட ஆட்ட, வளைவு முழுவதும் அந்த மெலிந்த பட்டையில்தான் விழும்.

வேலை நடக்கும்போது கீழே தண்ணீரில் டைவர்கள் இருக்கக்கூடாது. விழுந்தால் எட்டும் குழாய்ப் பாதைகளை மூடி, அழுத்தத்தை இறக்கி வைப்பதா என்பதை வேலைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். நேர்கீழே மட்டும் பார்த்தால் போதாது, நீண்ட குழாய் தண்ணீருக்குள் சாய்ந்து விலகிப் போகும்.

தீயணைப்புப் பம்பின் கெய்சன் என்றால், அதைக் கழற்றும் நாட்களில் தளத்தின் தீயணைப்பு நீர் பாதியாகக் குறைந்துவிடலாம். மாற்றுப் பம்பு தயாராகி, ஓட்டிப் பார்த்து, அளவு போதும் என்று உறுதியான பிறகே வேலைக்கான பெர்மிட்டில் (அனுமதிச் சீட்டு) கையெழுத்துப் போடுங்கள். அதுவரை மற்ற இடங்களிலும் நெருப்பு வேலைகள் நிற்கட்டும்.