கிரியாட்டினின் 1.2: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றல்ல

வயதானவர்களின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.2 என்று இருந்தால், "நார்மல்தான்" என்று மடித்து வைத்துவிடுகிறோம். சில லேப்களில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவைத்தான் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். சிறுநீரக விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் என் பார்வையில் இதுதான் பெரியது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைவாக இருந்தால் அதுவும் குறைவாகவே உண்டாகும். பெண்களுக்குப் பொதுவாகவே தசை குறைவு, வயதாக ஆக அது இன்னும் கரையும். அதனால் சிறுநீரகம் தளர்ந்த பிறகும் ஒரு பாட்டியின் ரத்தத்தில் இந்த எண் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். 65 வயதான கணவன், மனைவி இருவருக்கும் 1.2 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது பரவலாகப் பயன்படுத்தப்படும் 2021-ஆம் ஆண்டின் சிகேடி-எபி என்ற, கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தில் போட்டால், வடிகட்டும் திறனைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் கணவருக்கு 67, மனைவிக்கு 50 என்று வரும். 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அதாவது, அதே 1.2-ஐ வைத்துக் கணவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், மனைவியை அனுப்ப முடியாது. ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உடல் மிகவும் மெலிந்தவர்களுக்கு அதுவும் சரியாக இருக்காது. அவர்களுக்கு, தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 40 வயதுக்குப் பிறகு இஜிஎஃப்ஆர் ஆண்டுக்குச் சுமார் 1 அலகு குறைவது இயல்பு. 78 வயதில் 62 என்று பார்த்ததும் கலங்க வேண்டாம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா, போன ஆண்டு எண் என்ன என்று பாருங்கள். ஆண்டுக்கு 5 அலகுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால், "வயசானா அப்படித்தான்" என்று விடக்கூடாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஆண்கள் அதிகம் என்பதால் இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் இருக்கிறது. உலகக் கணக்கில் நாள்பட்ட சிறுநீரக நோய் பெண்களிடம்தான் கூடுதல். ஆனால் ஆண்களுக்குச் சராசரியாக வேகமாக முற்றுகிறது. நார்வேயின் ட்ரோம்சோ நகரில் சூத்திரத்தை நம்பாமல் மருந்து செலுத்தி வடிகட்டும் திறனை நேரடியாக அளந்தபோதும், நடுவயதுக்கு மேல் ஆண்களின் சரிவே வேகமாக இருந்தது. காரணம் ஹார்மோனா, புகையும் உணவும் போன்ற பழக்கங்களா என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மருத்துவரிடம் சொல்லாமல் விடும் விஷயங்களும் வேறு வேறு. ஆண்கள் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவதைக் கூச்சப்பட்டு மறைப்பார்கள். பிராஸ்டேட் வீங்கி அடைத்தால் சிறுநீர் தேங்கி, அந்த அழுத்தம் சிறுநீரகத்தையே பாதிக்கும். காலத்தோடு போனால் சரிசெய்யக்கூடிய கோளாறு இது. பெண்கள் கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறிக் கால் வீங்கியதை மறந்தே போயிருப்பார்கள். அப்போது வந்தது ப்ரீஎக்லாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறு என்றால் பிற்காலத்தில் சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு கூடுதல். முப்பது வருடம் ஆகியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் மூட்டுவலி மாத்திரை. மூட்டுத் தேய்மானம் வயதான பெண்களுக்கே அதிகம், அதனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவையும் அவர்கள் கைக்கே அதிகம் போகின்றன. டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை இரண்டையும் சாப்பிடுபவர் இதையும் சேர்த்துக்கொண்டால், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் சட்டென்று குறையலாம். வயிற்றுப்போக்கோ கோடை வெயிலோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். வலிக்கு வேறு வழி இருக்கிறதா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுப்பதே நல்லது.

இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தானம் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வாங்கியவரின் பரிசோதனைத் தேதியை வீடே நினைவில் வைத்திருக்கும். கொடுத்த மனைவியும் அம்மாவும் ஒற்றைச் சிறுநீரகத்தோடுதான் வயதாகிறார்கள். அவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், இஜிஎஃப்ஆர், சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் பார்த்தாக வேண்டும். அடுத்த முறை வாங்கியவரை அழைத்துப் போகும்போது கொடுத்தவரையும் கூட்டிப்போய்ப் பரிசோதித்துவிடுங்கள்.