பிக்கப் வண்டியின் டிபிஎஃப்-ஐ அறுத்து எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டீசல் பிக்கப் வைத்து லோடு அடிப்பவர்கள் நாலு பேர் கூடினால், புகைக் குழாயில் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் டப்பாவை, அதாவது டிபிஎஃப்-ஐ, எடுத்துவிடலாமா என்ற பேச்சு இப்போதெல்லாம் வராமல் இருப்பதில்லை. பல்லடத்தில் கறிக்கோழி ஏற்றுகிறவர், திருப்பூரில் துணி ரோலை நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு ஓட்டுகிறவர், பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றுகிறவர், எல்லாருக்கும் ஒரே தொல்லைதான்: மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, ஷோரூமில் கொடுக்கிற எஸ்டிமேட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பட்டறையில் கேட்டால், "அதை அறுத்து வீசிட்டா ஒரு தொந்தரவும் இல்லீங்ணா, மைலேஜும் ஏறும்" என்கிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நிற்கிற வண்டி ஓடிவிடாது, டியூ கட்டுகிற தேதியும் தள்ளிப் போகாது. அதனால் முடிவெடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு பதிவான புது வண்டி என்றால் பிஎஸ் 6 (வண்டிப் புகைக்கான அரசு விதி), ஆர்சியிலேயே இருக்கும். புகையைக் குறைக்க அதில் சில பாகங்கள் உண்டு. ஈஜிஆர் என்பது புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்ஸைடு உண்டாவதைக் குறைக்கிறது. டிபிஎஃப் கரியைப் பிடித்து வைக்கிறது. சில வண்டிகளில் இதோடு யூரியா டேங்கும் இருக்கும். அந்தத் திரவத்தைப் புகையில் தெளித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். எல்லா வண்டியிலும் எல்லாமும் இருக்காது, கூட வந்த மேனுவலைப் பாருங்கள்.

டிபிஎஃப் சும்மா அடைத்துக்கொள்வதில்லை. ஒன்று, எஞ்சினிலிருந்து அளவுக்கு மேல் கரி வருகிறது. இல்லை, வந்த கரி எரிய வண்டி சந்தர்ப்பம் கொடுப்பதில்லை. இதில் எது என்று தெரியாமல் அறுத்து எடுத்தால் விளக்கு அணையும், உள்ளே இருக்கிற கோளாறு அப்படியே இருந்து டர்போவையோ இன்ஜெக்டரையோ பிறகு தின்னும்.

ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற கருவி) மாட்டச் சொல்லுங்கள். வந்தவுடனே அது காட்டுகிற கோளாறு நம்பரை அழித்துவிட்டு "சரி பண்ணியாச்சு" என்று அனுப்புகிற இடம் வேண்டாம், அந்த நம்பரை எழுதி வாங்குங்கள். பி2463 என்றால் கரி மிஞ்சிவிட்டது, பி2002 என்றால் டிபிஎஃப் சரியாகப் பிடிக்கவில்லை, பி0401 என்றால் ஈஜிஆரில் ஓட்டம் குறைவு, பி20ஈஈ என்றால் யூரியா பக்கம் தகராறு. அதோடு கரி எவ்வளவு ஏறியிருக்கிறது, கடைசி ரீஜென் (சேர்ந்த கரியை எஞ்சின் தானே எரிப்பது) முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்றும் கேளுங்கள். அந்த மூன்றாவதில் ஒரு விஷயம் உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். அப்போதே ஏதோ ஒரு எண் காட்டினால் சந்தேகப்பட வேண்டியது டிபிஎஃப்பை அல்ல, பிரஷர் சென்சாரையும் அதற்குப் போகிற இரண்டு சின்ன ட்யூபையும். சூட்டில் அந்த ரப்பர் வெடித்திருக்கும், அல்லது உள்ளே கரி அடைத்திருக்கும். சின்னச் செலவில் முடிகிற இந்த வேலைக்காக முழு டப்பாவையும் அறுப்பது என்ன நியாயம்?

அதன் பிறகு ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவிலிருந்து அதைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸ் (கிளிப் பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் காற்றும் கசிகிறது என்று அர்த்தம்), இன்ஜெக்டர், ஈஜிஆர் வால்வு. காற்று குறைந்தாலோ டீசல் மிஞ்சினாலோ கரிதான். மண் சாலையில் தோட்டத்துக்குள் போய் வருகிற வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நம் ஊரில் அதிகம் நடக்கிற கோளாறு ஓட்டுகிற முறையில் இருக்கிறது. கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். திருப்பூருக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர் என்று நின்று நின்று ஓடுகிற வண்டியின் புகை அந்தச் சூட்டுக்கு வரவே வராது. லோடோடு மலை ஏறுகிற வண்டிக்கு இந்தப் பிரச்சினை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். சூடு போதாதபோது எஞ்சின் தானே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடித்து கரியை எரிக்கப் பார்க்கும், அதுதான் ரீஜென். ஐடிலிங் கொஞ்சம் ஏறும், சூடான வாடை வரும், வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றும். அந்த நேரம் பார்த்து சாவியை அணைத்தால், அதுவும் ஒவ்வொரு தடவையும் அப்படி ஆனால், கரி எரியாமல் நிற்பதோடு எரியாத டீசல் கசிந்து எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், மேற்கொண்டு லோடு ஏற்றாமல் அன்றைக்கே ஆயிலை மாற்றிவிடுங்கள்.

இதற்கு வழி, வாரத்தில் ஒரு நாளாவது வண்டியை நல்ல ரோட்டில் நிற்காமல் ஓட்டுவது. பெருந்துறையிலிருந்து சங்ககிரி பக்கம் பைபாஸில் ஒரே வேகத்தில் அரை மணி நேரம், டாப் கியருக்குப் போகாமல் ஒரு கியர் குறைத்து ஆர்பிஎம்மைத் தூக்கி வைத்துப் போனால் பெரும்பாலும் எரிந்துவிடும். விளக்கு சிமிட்ட ஆரம்பித்துவிட்டாலோ வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டாலோ இது போதாது, ஸ்கேனர் வைத்துத்தான் ரீஜென் செய்ய வேண்டும். முக்கியமாக, ரீஜென் ஓடும்போது சோளத்தட்டு, கடலைக்கொடி, தேங்காய் மட்டை கிடக்கிற களத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கிற குழாய்ச் சூட்டுக்குக் காய்ந்த தட்டு பற்றிக்கொள்ளும்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை. பிஎஸ் 6-க்கென்று சாம்பல் குறைந்த ஆயில் வருகிறது, மேனுவலில் போட்டிருக்கிற கிரேடையே ஊற்றுங்கள். கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் எரியாது, டிபிஎஃப்புக்குள் தங்கிக்கொண்டே போகும். அது நிறைந்தால் டப்பாவைக் கழற்றி, அதற்கென்று மெஷின் வைத்திருக்கிற இடத்தில் சுத்தம் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னால் அடித்துக் கழுவ விடாதீர்கள், உள்ளே இருப்பது செராமிக், உடைந்தால் உடைந்ததுதான்.

யூரியா டேங்க் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தோட்டத்து யூரியாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். வண்டிக்குரிய திரவம் 32.5 சதவீதச் சுத்தமான யூரியாவும் தாது நீக்கிய தண்ணீரும் கலந்தது. உர மூட்டையில் வருவது வேப்பெண்ணெய் பூசியது. அந்தப் பிசுபிசுப்பும் போர்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்து திரவம் தெளிக்கிற நாசிலையும் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட்டையும் காலி செய்துவிடும். மானிய உரத்தை விவசாயம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்துவது சட்டப்படியும் குற்றம். நல்ல திரவம் வாங்கினாலும் தகர ஷெட்டுக்குள் சித்திரை வெயிலில் கேனை வைக்காதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும்.

சரி, இவ்வளவும் பார்த்த பிறகும் அறுத்துவிடலாம் என்று தோன்றினால் கணக்கை நேர்மையாகப் போடுங்கள். லாபம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரீஜெனுக்குப் போகிற டீசல் மிச்சமாகும், அடைத்துக் கிடந்த வண்டி சட்டென்று இழுக்கும். ஆனால் சுத்தமான டிபிஎஃப் உள்ள வண்டியோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. இழப்பது என்ன? டப்பாவை எடுத்தால் மட்டும் போதாது, ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்ற வேண்டும். யார் எழுதியதென்றே தெரியாத ஃபைலை நம்பி எஞ்சினை ஒப்படைக்கிறீர்கள். வாரண்டி கேட்க முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் தகராறாகலாம். கழற்றிய டப்பாவில் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது, அது பட்டறையிலேயே தங்கிவிடும். திரும்ப மாட்ட நினைத்தால் புதுசுதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். காற்று மாசு விதியை மீறி வண்டியை ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். "பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிடலாம்" என்பார்கள். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதே இல்லை, அதனால் அந்தக் காகிதம் கையில் இருந்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது.

அமெரிக்காவில் இந்த வேலை எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். அங்கே பத்து வருடத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகையைக் கட்டுப்படுத்துகிற பாகங்களை எடுத்துவிட்டார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்குச் சொன்னது. அதனால் கூடிய மாசு, கூடுதலாக 90 லட்சம் டீசல் பிக்கப்புகளை ரோட்டில் விட்டதற்குச் சமம் என்றும் சொன்னது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே உறுதி செய்துவிட்டது. இந்தப் புகையை முதலில் குடிக்கிறவர் யார்? ராத்திரி ஒரு மணிக்குப் பண்ணையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சைலன்சருக்குப் பின்னால் நின்று கோழிக் கூண்டு தூக்கிக் கொடுக்கிற பையன்கள்தான். எனக்கு மற்ற எல்லாக் கணக்கையும் விட இது பெரிதாகப் படுகிறது.

உங்கள் ஓட்டமே ஊருக்குள் மட்டும்தான், பைபாஸ் பக்கம் போக வழியே இல்லை என்றால், அந்த வேலைக்கு டீசல் பொருந்தவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த வண்டி எடுக்கும்போது சிஎன்ஜி பிக்கப்பையோ பேட்டரி லோடு ஆட்டோவையோ விசாரியுங்கள்.

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு, ஏற்கெனவே அறுத்த வண்டியை அடையாளம் பார்க்கும் வழி இது. வண்டி ஆறிய பிறகு சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக இருக்கிற வண்டியில் விரல் கிட்டத்தட்டச் சுத்தமாக வரும், மை மாதிரி கரி ஒட்டினால் உள்ளே உடைந்திருக்கிறது அல்லது டப்பாவே இல்லை. அடியில் படுத்து டப்பா மேல் புது வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள், டப்பாவை வெளியே அப்படியே விட்டு உள்ளே மட்டும் காலி செய்கிறவர்களும் உண்டு. சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின் விளக்கு ஒரு தடவை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதைச் சாகடித்திருக்கிறார்கள். அப்புறம் ஸ்கேனர் போட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். அழுத்த வித்தியாசம் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஏறி இறங்க வேண்டும், அசையாமல் ஒரே எண்ணில் நின்றால் ஃபைலை மாற்றியிருக்கிறார்கள். ஸ்கேனர் மாட்டவே ஒத்துக்கொள்ளாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.