காவிரிப் படுகையில் கரியமில வாயு: 800 மீட்டர் கணக்கை நம்பாதீர்கள்

கரியமில வாயுவைப் பூமிக்கடியில் தேக்க முடியுமா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது 800 மீட்டர் ஆழத்தை. அங்கே அழுத்தம் சுமார் 80 பார். வாயு திரவம்போல் அடர்ந்து கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும் என்பார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. தரையில் 10 டிகிரி, கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏற்றம் என்றால் அந்த ஆழத்தில் 30 டிகிரிதான். ஒரு கனமீட்டரில் சுமார் 700 கிலோ அடங்கும். டெல்டாவிலோ தரையே 28 டிகிரியை ஒட்டியது. கிலோமீட்டருக்கு 33 டிகிரி ஏறுவதாக வைத்தால் 800 மீட்டரில் 54 டிகிரி வந்துவிடும். அடங்குவது 200 கிலோ சொச்சம். 1,500 மீட்டருக்கு இறங்கினால் 400 கிலோவைத் தாண்டும். கிணற்று லாக்கில், அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவுப்பதிவில், உள்ள வெப்பநிலையையும் அப்படியே எடுக்கக் கூடாது. துளையிடும் சேறு பாறையைக் குளிர்வித்திருக்கும். திருத்திய பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கொள்ளளவு. 100 சதுர கிலோமீட்டர் பரப்பு, 50 மீட்டர் தடிப்பு, 20 சதவீதத் துளைவெளி கொண்ட மணற்கல்லில் 100 கோடி கனமீட்டர் இடம் இருக்கும். கனமீட்டருக்கு 400 கிலோ வீதம் 40 கோடி டன் என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தத் துளைகளில் ஏற்கெனவே உவர்நீர் நிற்கிறது. வாயு அதில் சில சதவீத இடத்தைத்தான் பிடிக்கும். 2 சதவீதம் என்றால் 80 லட்சம் டன்.

வாயு மேலே ஏறாமல் தடுக்கும் மூடுபாறை விஷயத்தில் நடப்பது இன்னும் ஆபத்தான தவறு. காவிரிப் படுகை மேடும் பள்ளமுமாகப் பிளந்து உருவானது. பள்ளத்தில் தடித்திருக்கும் களிப்பாறை, கும்பகோணம்-மாதானம், காரைக்கால் போன்ற மேடுகளை நோக்கி மெலியும். சில அடுக்குகள் அங்கே இல்லாமலே போகும். பள்ளத்தில் போட்ட ஒரு கிணற்றின் லாக்கை வைத்து மேட்டுக்கும் மூடி உண்டு என்று கோடு இழுப்பது ஊகம். ‘எரிவாயுவைப் பிடித்துவைத்த பாறைதானே, இதையும் பிடிக்கும்’ என்பதும் சரியல்ல. உவர்நீரும் வாயுவும் தொடும் பரப்பில் உள்ள இழுவிசைதான் (இடைப்பரப்பு இழுவிசை) வாயுவை நுண்துளைக்குள் புகவிடாமல் தடுப்பது. கரியமில வாயுவுக்கு அது மீத்தேனைவிடக் குறைவு. அதே நுண்துளைக்குள் குறைந்த அழுத்தத்திலேயே புகுந்துவிடும். கோர் (துளையிட்டு எடுக்கும் பாறைத் துண்டு) எடுத்து, அந்த ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வாயு எந்த அழுத்தத்தில் உள்ளே புகுகிறது என்று, அதாவது நுழைவழுத்தத்தை, அளந்தாக வேண்டும்.

பழைய எண்ணெய்க் கிணறுகளைப் பலர் தரவாக மட்டுமே பார்க்கிறார்கள். அவை வாயு கசியும் வழிகளும்கூட. வாயு உவர்நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். சிமென்டில் முடியளவு இடைவெளி இருந்தால் அதன் வழியே அரிக்கத் தொடங்கும். கைவிட்ட ஒவ்வொரு கிணற்றிலும் சிமென்ட் அடைப்பு எந்த ஆழத்தில், எத்தனை மீட்டர் என்று பார்க்காமல் இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கசிவைக் கண்காணிக்க, மண் இயல்பாக விடும் கரியமில வாயுவின் அடிப்படை அளவைக் கோடையில் ஒருமுறை எடுத்தால் போதாது. வயலில் நீர் நிற்கும்போது மண் விடும் கரியமில வாயு ஒரு அளவு, நீர் வடிந்தபின் வேறு அளவு. குறுவை, சம்பா, தாளடி, தரிசு என ஓராண்டு முழுக்க அளக்க வேண்டும். வாயு மண்ணிலிருந்து வந்ததா, கசிந்ததா என்று அறிய கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) மட்டும் பார்த்தாலும் குழப்பம்தான். நெல்லின் வேர் வெளியிடும் வாயுவும், நிலக்கரிப் புகையிலிருந்து பிடித்துத் தேக்கிய வாயுவும் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் காட்டும். பிரித்துக் காட்டுவது கார்பன்-14. நிலக்கரியில் அது இல்லை.